விதை நல்லது, மண் அறிக்கையும் நல்லது. செடி மட்டும் ஏன் மேலே வரவில்லை?

விதைப் பையில் முளைப்புத்திறன் 90 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது. மண் பரிசோதனை அறிக்கையிலும் குறை இல்லை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் போதுமான அளவில் இருப்பதாகவே எழுதியிருக்கிறது. ஆனால் விதைத்துப் பத்து நாள் கழித்துப் பார்த்தால் வரிசை முழுக்கப் பாடுவாசி. ஓரிடத்தில் நெருக்கமாக வந்திருக்கிறது, பக்கத்திலேயே இரண்டு முழ நீளத்துக்கு ஒன்றுமே இல்லை. முதல் பழி விதை மேல் விழுகிறது. அடுத்த பழி உரத்தின் மேல்.

அந்த இரண்டு தாள்களும் பொய் சொல்லவில்லை. நாம் கேட்கும் கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை, அவ்வளவுதான்.

முளைப்புத்திறன் எப்படி அளக்கப்படுகிறது என்று பார்ப்போம். 1924-இல் தொடங்கப்பட்ட சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கத்தின் விதிப்படி வழக்கமாக 400 விதைகளை எண்ணி எடுப்பார்கள். ஈரமான தாளிலோ மணலிலோ வைத்து, அந்தப் பயிருக்கு ஒத்துவரும் வெப்பத்தில் விட்டு, ஒழுங்காக வளர்ந்த நாற்றுகளை எண்ணுவார்கள். எந்தத் தடையும் இல்லாத இடத்தில் அந்த விதையால் என்ன முடியும் என்பதுதான் அந்த 90. வயலில் எத்தனை வரும் என்று அது சொல்லவே இல்லை.

மண் அறிக்கையின் குறை இதற்கு நேர் எதிர்ப் பக்கம். ஆய்வகத்துக்கு வந்த மண்ணை உலர்த்தி, பொடித்து, சலித்து, கரைசலில் கலக்கித்தான் சத்துகளை அளக்கிறார்கள். பொடித்துச் சலித்ததுமே மண்ணின் கட்டமைப்பு போய்விடுகிறது. அது கட்டியா புழுதியா, இறுகிக் கிடந்ததா, மேலே ஓடு கட்டியிருந்ததா, எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பதெல்லாம் அந்தச் சல்லடையோடு முடிந்தது. விதை மேலே வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவையோ இவைதான்.

## முதலில் மூன்று கட்டங்களைப் பிரித்துக்கொள்வோம்

"முளைக்கவில்லை" என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு சங்கதிகளைக் குறிப்பிடுகிறோம்.

1. முளைத்தல். விதை நீரை உறிஞ்சி, உள்ளே உயிர்வேலை தொடங்கி, முளைவேர் தோலைக் கிழித்து வெளியே வருவது. இது முழுக்க மண்ணுக்குள் நடக்கிறது.

2. வெளிவருதல். முளைத்த குருத்து மண்ணை முட்டித் தள்ளிக்கொண்டு வெளிச்சத்துக்கு வருவது. இதற்கான உணவு விதைக்குள் இருக்கும் கையிருப்பிலிருந்து மட்டும்தான்.

3. நிலைகொள்ளுதல். இலை விரிந்து, வேர் பரவி, செடி தன் உணவைத் தானே தயாரித்துக்கொண்டு வளரத் தொடங்குவது.

மண்ணில் இருக்கும் சத்து பெரிய அளவில் பேசத் தொடங்குவது மூன்றாவது கட்டத்தில்தான். முதல் இரண்டு கட்டங்களிலும் விதை மண்ணிடம் கேட்பது நீர், காற்று, வெப்பம், வழி ஆகிய நான்கு மட்டுமே. பாடுவாசி விழுந்த வயலுக்கு உரம் கொட்டிப் பயனில்லை என்பதற்குக் காரணம் இதுவே.

## தண்ணீர்: அளவு மட்டும் போதாது, தொடுகையும் வேண்டும்

உலர்ந்த விதை நீரை இழுப்பது ஆரம்பத்தில் வெறும் பௌதிக வேலை. செத்த விதைகூட ஊறிப் பருக்கும். அதனால் "விதை ஊறியிருக்கிறது, எனவே உயிர் இருக்கிறது" என்று முடிவு கட்ட முடியாது. வேகமாக நீர் ஏறும் இந்த முதல் கட்டத்துக்குப் பிறகு ஒரு தேக்கம் வரும். வெளியே மாற்றம் தெரியாது, உள்ளே நொதிகள் வேலை செய்துகொண்டிருக்கும். அப்புறம் முளைவேர் நீளத் தொடங்கும்போது மறுபடி நீர் ஏறும்.

எவ்வளவு நீர் வேண்டும் என்பது பயிருக்குப் பயிர் மாறும். மக்காச்சோள விதையின் ஈரம் அதன் எடையில் சுமார் 30 சதவீதத்தை எட்டினால் முளைத்துவிடும். சோயா மொச்சைக்குச் சுமார் 50 சதவீதம் வேண்டும். ஒரே வயலில், ஒரே ஈரத்தில் ஒன்று வந்து மற்றது வராமல் போவதில் வியப்பு இல்லை.

மண்ணில் நீர் இருந்தால் மட்டும் போதாது, அது விதையைப் போய்ச் சேர வேண்டும். மண் துகள்களைச் சுற்றியிருக்கும் நீர், துகள் விதையைத் தொடும் இடங்கள் வழியாகத்தான் பெருமளவு விதைக்குள் போகிறது. கொஞ்சம் ஆவியாகவும் போகும். பெரிய கட்டிகளுக்கு நடுவே விழுந்த விதைக்குத் தொடுகை மிகக் குறைவு. விதைத்த வரிசையை லேசாக அழுத்திவிடும் சக்கரம் விதைப்புக் கருவிகளில் இருப்பது இதற்காகத்தான். அழுத்தம் ஈர மண்ணில் கொஞ்சம் கூடினால் விதைக்குழியின் சுவர் மெழுகிவிட்டதுபோல் ஆகி வேர் பக்கவாட்டில் நுழைய முடியாமல் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முழுக்க வறண்ட மண்ணைவிட ஆபத்தானது அரைகுறை ஈரம். வறண்ட மண்ணில் விதை பேசாமல் கிடக்கும், மழை வந்ததும் எழுந்துகொள்ளும். அரைகுறை ஈரத்தில் அது ஊறிவிடும், முளைவேரும் எட்டிப் பார்த்துவிடும், அதற்குமேல் நீர் இல்லை. முளைவேர் வெளியே வருவதற்கு முன்பு வரை பல விதைகள் ஊறிக் காய்ந்தாலும் தாங்கும். விதையை ஊறவைத்து, மறுபடி உலர்த்தி விதைக்கும் முறை பலிப்பதே அதனால்தான். முளைவேர் வந்த பிறகு அந்தத் தாங்குதிறன் போய்விடுகிறது. அப்போது காய்ந்தால் சாவுதான். ஒரு தூறலை நம்பி விதைத்த வயல்களில் பெரும்பாலும் நடப்பது இது.

## காற்று: நிரம்பிய மண்ணில் மூச்சு முட்டும்

மண்ணின் கனஅளவில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். உலர்ந்த மண்ணின் அடர்த்தி ஒரு கனசென்டிமீட்டருக்கு 1.3 கிராம் என்றால், திடத்துகளின் அடர்த்தியான 2.65-ஆல் வகுத்துக் கணக்கிட்டால் வெற்றிடம் சுமார் 51 சதவீதம் வரும். அதே மண் 1.6 கிராமுக்கு இறுகினால் வெற்றிடம் 40 சதவீதமாகக் குறையும். இந்த இழப்பில் முதலில் போவது பெரிய துளைகள்; நீர் வடிவதும் காற்று நுழைவதும் அவற்றின் வழியாகத்தான்.

முளைக்கும் விதை வேகமாக மூச்சு விடும் உயிர். துளைகளில் நீர் நிரம்பி நின்றால் அதற்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மண்ணின் கனஅளவில் காற்று நிறைந்த வெற்றிடம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் பெரும்பாலான பயிர்களின் வேர் திணறத் தொடங்கும்.

நெல் இதில் ஒரு விசித்திரமான விலக்கு. ஆக்சிஜன் இல்லாத நீருக்குள்ளும் அது முளைக்கும். ஆனால் நீள்வது குருத்தைப் போர்த்தியிருக்கும் உறையான குருத்துறை மட்டுமே, வேர் கிட்டத்தட்ட வளராது. அதனால்தான் நேரடி விதைப்பு வயலில் நீர் ஆழமாகத் தேங்கிவிட்டால் முளை வந்தும் வேர் பிடிக்காமல் மிதந்துபோகிறது.

## வெப்பம்: காலண்டரை விட்டு மண்ணைக் கேளுங்கள்

ஒவ்வொரு பயிருக்கும் ஓர் அடிப்படை வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு மேலே இருக்கும் ஒவ்வொரு டிகிரியையும் நாள்தோறும் கூட்டிக்கொண்டே வந்தால், குறிப்பிட்ட கூட்டுத்தொகை சேர்ந்ததும் செடி வெளியே வரும். மக்காச்சோளத்துக்கு அடிப்படை 10 டிகிரி செல்சியஸ்; வழக்கமான ஆழத்தில் விதைத்தால் ஏறக்குறைய 65 டிகிரி-நாள் சேர வேண்டும். கணக்கு எளிது:

1. மண்ணின் சராசரி 25 டிகிரி என்றால் நாளொன்றுக்கு 15 சேர்கிறது. நான்கு, ஐந்து நாளில் வெளியே வரும்.

2. 20 டிகிரி என்றால் ஆறேழு நாள்.

3. 15 டிகிரி என்றால் 13 நாள்.

4. 13 டிகிரி என்றால் மூன்று வாரத்துக்கு மேல்.

15-க்கும் 13-க்கும் இடையே கையை வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. செடிக்கு அது ஒன்பது நாள் தாமதம். அந்த ஒன்பது நாளும் விதை ஈர மண்ணில், பூஞ்சைகளுக்கு நடுவே, கையிருப்பைத் தின்றுகொண்டு கிடக்கிறது. ஈர மண் மெதுவாகச் சூடாவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கிராம் நீரைச் சூடாக்க, அதே எடை உலர்ந்த மண்துகளைச் சூடாக்குவதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். மேலிருந்து ஆவியாகும் நீரும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நீர் தேங்கும் பள்ளங்களில் பயிர் பிந்தி வருவதற்குக் காற்றுக் குறைவோடு குளிர்ச்சியும் காரணம்.

சோயா மொச்சை, பீன்ஸ், பருத்தி போன்றவற்றுக்கு இன்னொரு கண்டமும் உண்டு. உலர்ந்த விதை உறிஞ்சும் முதல் சில மணி நேரத்து நீர் குளிர்ந்திருந்தால் செல்சவ்வுகள் சரியாகச் சீரமையாமல் உள்ளிருப்பவை கசியும். பிறகு மண் சூடானாலும் அந்தச் சேதம் ஆறுவதில்லை.

வெப்பம் கூடினாலும் தொல்லைதான். வெயில் காலத்தில் மூடாத மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டும். இளந்தண்டு மண்ணைத் தொடும் இடத்திலேயே வெந்துபோகும். லெட்டூஸ் போன்ற கீரை விதைகளில் பல ரகங்கள் 30 டிகிரிக்கு மேல் போனால் முளைக்காமல் உறங்கிவிடும். மேலே மூடாக்கு போட்டாலே மண் வெப்பம் கணிசமாக இறங்கும்.

## மேலோடு: பழி விதைக்கு, குற்றம் மண்ணின் தோலில்

விதை முளைத்துவிட்டது, நீர் உண்டு, காற்று உண்டு, வெப்பமும் சரி. அப்படியும் செடி வராத வயல்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மேலோட்டைத்தான். விதைத்ததற்கும் வெளிவருவதற்கும் இடையில் ஒரு கனமழை பெய்து, பிறகு இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடித்தால் போதும், மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் தடிப்புக்குக் கெட்டியான ஓடு உருவாகிவிடும்.

இது இரண்டு வழிகளில் நடக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

1. குலைதல். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள மழைத்துளி நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் மண்ணில் வந்து மோதுகிறது. உலர்ந்த மண்ணுருண்டைக்குள் நீர் வேகமாகப் புகும்போது உள்ளே அடைபட்ட காற்று அதை வெடிக்கவும் வைக்கிறது. உடைந்த நுண்துகள்கள் துளைகளை அடைத்துக்கொண்டு படிந்து, காய்ந்ததும் ஓடாகின்றன. மக்கிய கரிமப்பொருள் குறைந்த மண்ணிலும், வண்டல் துகள் மிகுந்த மண்ணிலும் இது அதிகம். மருந்து தொழு உரம், மூடாக்கு, உழவைக் குறைத்தல் போன்று துகள்களைப் பிணைத்துவைக்கும் எதுவும்.

2. கலைதல். களிமண் துகள்களில் சோடியம் அதிகமாக ஒட்டியிருந்தால், நீர் பட்டதும் அவை ஒன்றையொன்று தள்ளிவிட்டுத் தனித்தனியாகப் பிரிந்துவிடும். மண் பிடித்துவைக்கும் நேரயனிகளில் (கால்சியம், சோடியம் போன்ற நேர்மின்னேற்றத் துகள்களில்) சோடியத்தின் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டினால் அது களர் மண் என்பது 1954-இல் அமெரிக்க உப்புத்தன்மை ஆய்வகம் வெளியிட்ட கையேட்டிலிருந்து பரவிய வரையறை. மருந்து ஜிப்சம், அதிலிருக்கும் கால்சியம் சோடியத்தை இடம்பெயர்த்து, நல்ல நீர் அதைக் கீழே கழுவிக்கொண்டு போக வேண்டும். வடிகால் இல்லாத இடத்தில் ஜிப்சம் போடுவது வீண்.

எது நடக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். கோலிக்குண்டு அளவுள்ள உலர்ந்த மண்கட்டி ஒன்றை, மழைநீர் உள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் அலுங்காமல் இறக்கி வையுங்கள். கட்டி சரிந்து குவியலாகி நீர் தெளிவாகவே இருந்தால் குலைதல். கட்டியைச் சுற்றிப் பால்போன்ற கலங்கல் பரவி, மணிக்கணக்கில் தெளியாமல் நின்றால் கலைதல். கிணற்று நீரில் செய்யக் கூடாது. அதில் கரைந்திருக்கும் உப்பே கலைதலை மறைத்துவிடும்.

ஓடு எல்லாப் பயிரையும் ஒரேபோல் தண்டிப்பதில்லை. மக்காச்சோளம், கோதுமை போன்ற புல்லினங்கள் கூரான குருத்துறையால் துளைத்துக்கொண்டு வரும். கொண்டைக்கடலையும் பட்டாணியும் விதையிலைகளை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுக் குருத்தை மட்டும் மேலே அனுப்பும். பீன்ஸ், பருத்தி, சோயா மொச்சையின் கதை வேறு. அவை தண்டைக் கொக்கிபோல் வளைத்து, இரண்டு தடித்த விதையிலைகளையும் இழுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். பெரிய மூட்டையோடு தாழ்ந்த வாசலில் நுழைவது மாதிரி. ஓடு கெட்டியாக இருந்தால் கழுத்து ஒடிந்துவிடும். ஒடிந்தால் தீர்ந்தது, மறுபடி துளிர்க்க அங்கே மொட்டு இல்லை.

ஓட்டின் வலு ஈரத்தைப் பொறுத்தது. ஈரமாக இருக்கும்வரை குருத்து அதை முட்டித் திறந்துவிடும். காயக் காய வலு ஏறும். எனவே குருத்து மேலே வரவேண்டிய நாட்களில் தெளிப்பு நீர் கொஞ்சம் விட்டு ஓட்டை நனைத்து வைப்பது, பல நேரம் எந்தக் கருவியையும்விட நல்ல வழி. பொடிப் பற்களுள்ள கருவியால் லேசாகக் கீறிவிடுவதும் உண்டு. கொக்கி ஓட்டுக்கு அருகில் வந்துவிட்ட பிறகு கீறினால் கொக்கியே அறுபடும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. விதை நன்றாகத் தொட்டுக்கொள்ள வேண்டுமென்று மண்ணைப் புழுதியாக அடித்தால், அதே புழுதிதான் மழையில் ஓடாகிறது. விதையைச் சுற்றி நைசான மண்ணும், மேற்பரப்பில் சிறு கட்டிகளும் இருப்பதே சரியான நிலை. மேடு பள்ளம் இல்லாமல் மாவுபோல் பரப்பிய நிலம் கண்ணுக்கு அழகு; விதைக்கு அது நல்லதென்று நான் நினைக்கவில்லை.

## ஆழம்: கையிருப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோகும்?

விதையின் விட்டத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது பொதுவான வழிகாட்டல். பொடி விதையின் கையிருப்பு ஒரு சென்டிமீட்டர் பயணத்துக்கே தீர்ந்துவிடலாம். பெரிய விதை ஐந்து சென்டிமீட்டர், அதற்கு மேலும் தாங்கும். மேலே வைத்தால் ஈரம் சீக்கிரம் போகும், கீழே வைத்தால் கையிருப்பு போதாது. ஆழம் என்பது இந்த இரண்டுக்கும் நடுவே செய்யும் பேரம்.

புல்லினங்களில் குருத்துறையின் நீளமே எல்லை. குருத்துறை மேற்பரப்பை எட்டுமுன் நின்றுவிட்டால், உள்ளிருக்கும் மெல்லிய இலை மண்ணுக்குள்ளேயே விரிந்து சுருண்டுபோகும். பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமைகளில் இது ஒரு பக்கவிளைவாகவே வந்தது. ஜப்பானின் நோரின் 10 ரகத்திலிருந்து கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாக் உள்ளிட்டோர் கொண்டுவந்த குட்டை மரபணுக்கள், ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கிக்குச் செடி செவிசாய்க்காதபடி செய்கின்றன. அதனால் வைக்கோல் குட்டையாகிறது, கூடவே குருத்துறையும் குட்டையாகிறது. ஈரம் ஆழத்தில் மட்டும் இருக்கும் வறண்ட நிலங்களில் அந்த ரகங்களை ஆழமாக விதைக்க முடியாது. குருத்துறையைக் குறைக்காமல் பயிரை மட்டும் குட்டையாக்கும் வேறு மரபணுக்களை ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ போன்ற ஆய்வு நிறுவனங்கள் தேடிப்போனது இதற்காகவே.

சில பொடி விதைகளுக்கு ஆழம் என்பது வெளிச்சம் பற்றிய கேள்வியும்கூட. மண்ணுக்குள் ஒளி சில மில்லிமீட்டருக்கு மேல் போகாது. சிவப்பு ஒளி பட்டால் லெட்டூஸ் விதை முளைக்கிறது, தொலைசிவப்பு (சிவப்புக்கு அப்பால் உள்ள) ஒளி பட்டால் அடங்கிவிடுகிறது என்பதை 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் கண்டறிந்தார்கள். உழுதவுடன் களை குபுகுபுவென்று வருவதற்கும் இதில் பங்குண்டு. ஆழத்தில் கிடந்த விதைகள் உழவில் ஒரு கணம் வெளிச்சம் பார்த்துவிடுகின்றன. அவை எவ்வளவு காலம் காத்திருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகனில் தாவரவியலாளர் வில்லியம் பீல் 1879-இல் பாட்டில்களில் விதைகளைப் புதைத்துத் தொடங்கிய சோதனையே சாட்சி. 2021-இல் தோண்டிய பாட்டிலிலிருந்தும் சில விதைகள் முளைத்தன.

## உப்பும் உரமும்

மண்நீரில் உப்பு கூடினால் விதையால் அந்த நீரை இழுக்க முடியாது. ஈரம் இருந்தும் விதைக்கு அது வறட்சிதான். உப்பை அளக்கும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர் மண் என்பார்கள். பீன்ஸின் விளைச்சல் 1-ஐத் தாண்டியதுமே குறையத் தொடங்கும். பார்லி 8 வரை தாங்கும்.

ஆனால் இந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் வளர்ந்த பயிருக்கானவை. சர்க்கரை பீட் வளர்ந்த பிறகு 7 வரை தாங்கும். முளைக்கும் நேரத்தில் 3-க்கு மேல் போகக் கூடாது. "உப்பைத் தாங்கும் ரகம்" என்று வாங்கியது முளைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். மேலும் நீர் ஆவியாகும் இடத்தில்தான் உப்பு சேரும் என்பதால், பாரின் (விதைக்க வரிசையாக உயர்த்திய மேட்டின்) உச்சி மற்ற இடங்களைவிட உப்பாக இருக்கும். உவர் நிலத்தில் உச்சியை விட்டுப் பாரின் சரிவில் விதைப்பது அதனால்தான்.

உரமும் ஓர் உப்பே. விதையோடு சேர்த்து வைத்த உரம் அந்தச் சின்ன இடத்தை உவர் நிலமாக்கிவிடும். யூரியாவில் கூடுதல் ஆபத்து உண்டு. அது உடையும்போது வரும் அம்மோனியா முளைவேரைக் கருக்கும். விதைக்கு 5 சென்டிமீட்டர் பக்கத்திலும் 5 சென்டிமீட்டர் கீழேயும் உரத்தை வைப்பது பரவலான நடைமுறை. வேர் தேடிப்போகும் தூரம் அது, எரியும் தூரம் அல்ல. அரைகுறையாக மக்கிய உரமும் இதே வேலையைச் செய்யும்.

நாற்றழுகல் பற்றிச் சுருக்கமாக: பித்தியம், ரைசாக்டோனியா போன்ற நோய்க்கிருமிகள் ஏறக்குறைய எல்லா மண்ணிலும் உண்டு. விதை நாலு நாளில் வெளியே வந்துவிட்டால் அவற்றுக்கு அவகாசம் இல்லை. குளிரும் தேங்கிய நீரும் ஓடும் சேர்ந்து பதினைந்து நாளாக்கினால் அவை வென்றுவிடும். விதைநேர்த்தி (விதைக்கு முன்பே மருந்து பூசுவது) கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும், மண்ணின் குறையைத் தீர்க்காது.

## மேலே வந்தபின்: வேரின் பாடு

வெளிவந்த செடிக்கு இப்போது கேள்வி மாறுகிறது. மேல் ஐந்து சென்டிமீட்டர் சரியாக இருந்தது போதும் என்ற நிலை போய், அதற்குக் கீழே இருப்பது முக்கியமாகிறது.

வேர்முனை மண்ணைத் தள்ளும் அழுத்தம் பெரும்பாலும் 1 மெகாபாஸ்கல் அளவில்தான். மண்ணில் கூம்புமுனைக் கம்பியை இறக்கி அளக்கும்போது எதிர்ப்பு 2 மெகாபாஸ்கலை எட்டினால் பல பயிர்களின் வேர் வளர்ச்சி வெகுவாகச் சுருங்கிவிடும். ஈர மண்ணில் கனமான வண்டி ஓட்டுவதும், ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுவதும் இப்படி ஓர் இறுகிய தளத்தை உண்டாக்கும். மண் ஈரமாக இருக்கும்போது இந்த எதிர்ப்பு குறைவு. காய்ந்தால் பல மடங்கு ஏறும். எனவே இறுக்கத்தின் பாதிப்பு மழை பொய்த்த பருவத்தில்தான் முழுசாகத் தெரியும், அதை வறட்சி என்று எழுதிவைத்துவிடுவார்கள்.

வேர் நிற்பது பலம் போதாமல்தான் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2021-இல் நெல்லை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இதை மாற்றிப் பார்த்தது. வேர் எத்திலீன் என்ற வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். தளர்ந்த மண்ணில் அது துளைகள் வழியாகப் பரவிப் போய்விடும், இறுகிய மண்ணில் வேரைச் சுற்றியே தேங்கிவிடும். தேங்கிய எத்திலீனை உணர்ந்து வேர் தானாகவே நீள்வதை நிறுத்திக்கொள்கிறது. எத்திலீனை உணராத மரபுப்பிறழ்ந்த செடிகளின் வேர் அதே இறுகிய மண்ணில் மேலும் உள்ளே போனது. இறுக்கம் என்பது சுவர் மட்டும் அல்ல, ஒரு சமிக்ஞையும்கூட என்று ஆகிறது.

சத்து பற்றிய பேச்சு வருவது இந்தக் கட்டத்தில். இங்கேயும் அளவைவிடக் கிடைப்புதான் பிரச்சினை. மண்ணின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 5.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வெளிவந்து வேர்முனைகளைத் தடித்து மொண்ணையாக்கும், 7.5-க்கு மேல் போனால் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் செடிக்கு எட்டாது, இளம் இலைகளில் நரம்புகளுக்கு நடுவே வெளுக்கும். மணிச்சத்து மண்ணுக்குள் மில்லிமீட்டர் கணக்கில்தான் நகரும், வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். குளிர்ந்த அல்லது இறுகிய மண்ணில் வேர் போகாதபோது மக்காச்சோளக் கன்றுகள் ஊதா நிறம் காட்டும். மண் சூடானதும் பெரும்பாலும் அவையே தேறிவிடும். வைக்கோல், மரத்தூள் போன்றவற்றை மக்க வைக்காமல் மண்ணில் கலந்தால் வேறொரு பசி தொடங்கும். அவற்றில் கார்பன் அதிகம், தழைச்சத்து குறைவு. சிதைக்கும் நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தமக்கு எடுத்துக்கொள்ள, கன்று சில வாரம் மஞ்சளடித்து நிற்கும்.

## தோண்டினால் தெரியும்

பாடுவாசி விழுந்த இடத்தில் சின்னக் கரண்டியால் வரிசையோடு தோண்டி, விதை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதைவிட நல்ல பரிசோதனை இல்லை.

1. விதை உலர்ந்து கெட்டியாக இருக்கிறது: நீர் போய்ச் சேரவில்லை. ஆழம் குறைவு, அல்லது கட்டிகளால் தொடுகை இல்லை. உயிர் இருக்க வாய்ப்புண்டு. மழையோ நீரோ கிடைத்தால் வரலாம்.

2. ஊதி, அமுக்கினால் கூழாகிறது: நீர் தேக்கம், குளிர், பூஞ்சை, அல்லது விதை ஏற்கெனவே செத்தது. பக்கத்து மேட்டில் அதே விதை நன்றாக வந்திருந்தால் பழி விதை மேல் இல்லை.

3. முளைவேர் வந்து காய்ந்து கருகியிருக்கிறது: அரைகுறை ஈரம், அல்லது உர உப்பு. முனை மட்டும் பழுப்பாகக் கருகி, உரக் குருணை அருகில் கிடந்தால் இரண்டாவது.

4. தண்டு தடித்து, ஓட்டுக்கு அடியில் பக்கவாட்டில் வளைந்து ஓடுகிறது: மேலோடு.

5. இலை மண்ணுக்குள்ளேயே விரிந்திருக்கிறது: ஆழம் கூடிவிட்டது, அல்லது பெரிய கட்டிகளின் இடுக்கு வழியாக வெளிச்சம் உள்ளே போய்க் குருத்து மேலே வந்துவிட்டதாக ஏமாந்துவிட்டது.

6. விதையே இல்லை: எறும்பு, எலி, பறவை, அல்லது விதைப்புக் கருவி அங்கே விதையைப் போடவே இல்லை.

ஒரே வயலில் இரண்டு மூன்று விடைகள் கிடைப்பது சாதாரணம். மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, வண்டித் தடத்தில் ஒன்று என்று குறித்துக்கொண்டால் அடுத்த பருவத்துக்கு அந்தக் குறிப்பு மண் அறிக்கையோடு சேர்த்து வைக்க உதவும்.

## மறுபடி விதைப்பதா, விடுவதா?

இதற்குப் பொது விதி சொல்ல முடியாது, பயிரின் சுபாவம் சொல்லும். நெல்லும் கோதுமையும் தூர் கட்டும். கொஞ்சம் இடைவெளி விழுந்தாலும் பக்கத்துச் செடிகள் பரவி நிரப்பிவிடும். சோயா மொச்சை பக்கக்கிளை விட்டு ஓரளவு ஈடுகட்டும். மக்காச்சோளத்தால் அது முடியாது, போன செடி போனதுதான். அதற்காக இடைவெளியில் பிந்தி விதைத்தாலும் பெரிய லாபம் வராது. அண்டைச் செடியைவிட இரண்டு இலை பிந்திய கன்று நிழலில் சிக்கி, நீரையும் சத்தையும் எடுத்துக்கொண்டு, கதிர் மட்டும் ஒழுங்காக வைக்காமல் களைபோலவே நிற்கும். அந்தப் பயிரில் பாடுவாசி நிரப்புவதைவிட, இருப்பதை வைத்துக்கொள்வதா அல்லது முழுக்கக் கலைத்துவிட்டு விதைப்பதா என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். கலைத்துவிட்டு விதைப்பதென்றால், தோண்டியபோது பார்த்த காரணம் இன்னும் அந்த மண்ணில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விதையைப் போடலாம். ஓடு கட்டிய மண்ணில் அதே ஆழத்தில் அதே விதையை இரண்டாம் முறை போட்டால் வருவதும் அதே விளைவுதான்.